பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பதிலாக தின் கிளையன்ட் போடலாமா?

வாசகி கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் 18 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அதில் 12 பழையவை, விண்டோஸ் 10இல் ஓடுகின்றன. விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். புது கம்ப்யூட்டர் எதற்கு, தின் கிளையன்ட் என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது, அதை 12 மேசையிலும் மாட்டி, நல்ல ஐ7 மெஷின் ஒன்றை சர்வராக வைத்தால் போதும் என்கிறார் எங்கள் டீலர். கரண்ட் பில் பாதியாகுமாம். தனியாக லைசென்ஸ் வேண்டாம், விண்டோஸ் 11 ப்ரோவிலேயே ஒரு பேட்ச் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்கிறார். டாலி, எக்செல், மெயில், இ-வே பில், ஷிப்பிங் டாக்குமென்ட், இவைதான் எங்கள் வேலை. டிசைனில் இரண்டு பேர் கோரல் டிரா வைத்திருக்கிறார்கள். முதலாளி வீட்டிலிருந்தும் டாலி பார்க்க வேண்டும் என்கிறார். நம்பிப் போடலாமா? சர்வர் நின்றுபோனால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

பதில்:

வணக்கம் சகோதரி. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சர்வர் நின்றால் 12 பேரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்கள் டீலர் பேச்சை இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். தின் கிளையன்ட் நல்ல ஏற்பாடு, உங்கள் வேலைக்கு நன்றாகவே பொருந்தும். அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பணத்தையும் கவனத்தையும் சர்வரில் போடுங்கள், பெட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. டீலரின் திட்டம் இதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது.

மேசையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் டாலியும் கிடையாது, எக்செலும் கிடையாது. நீங்கள் தட்டும் எழுத்தையும் மவுஸின் அசைவையும் அது சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் உங்களுக்கென்று ஒரு டெஸ்க்டாப்பைத் தனக்குள் ஓட்டி, அதன் திரையை மட்டும் படமாகத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் போக்குவரத்துக்கு விண்டோஸ் வைத்திருக்கும் வழிமுறைதான் ஆர்டிபி. அந்தக் காலத்து ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் எழுத்து மட்டும் தெரியும் திரை ஒன்று இருக்குமே, அதே குடும்பம்தான் இதுவும். விண்டோஸ் உலகத்தில் சிட்ரிக்ஸ் 1995இல் இதைக் கொண்டுவந்தது. மைக்ரோசாப்ட் 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பாக வெளியிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் அடிபட்டுத் தேறிய தொழில்நுட்பம், அதனால் முறையைப் பற்றிப் பயம் வேண்டாம்.

உங்கள் ஊரில் இதற்கு ஒரு தனி நன்மை உண்டு. பனியன் கம்பெனி அலுவலகங்களில் சிபியுவைத் திறந்தால் ஃபேன் முழுக்கப் பஞ்சு அப்பிக்கொண்டிருக்கும். நிட்டிங்கும் கட்டிங்கும் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாலும் பஞ்சுத் தூசி எப்படியோ வந்துவிடும். ஆயுத பூஜைக்கு ஒருமுறை ப்ளோயர் அடித்தால் போதாது. சூடு ஏறி மெஷின் வேகம் குறையும், திடீரென்று அணையும். தின் கிளையன்டுகள் பெரும்பாலும் ஃபேன் இல்லாமல் வருகின்றன, சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கிடையாது. ஒரு பெட்டி கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டு, ஐந்தாவது நிமிடம் அதே டெஸ்க்டாப்பில் உட்கார்ந்துவிடலாம். தூசியிலிருந்து காப்பாற்ற வேண்டிய மெஷின் 12 அல்ல, ஒன்றுதான் என்று ஆகிவிடும். அந்த ஒன்றை மூடிய அறையில், ஏசி போட்டு வைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய நன்மை டாலிக்கு. இப்போது உங்கள் டாலி டேட்டா ஒரு மெஷினில் இருக்கும், மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக அதைத் திறப்பார்கள் என்று நினைக்கிறேன். பாதி என்ட்ரியில் ஒரு மேசைக்குக் கரண்ட் போனால் டேட்டா கெடுகிற ஆபத்து அந்த அமைப்பில் எப்போதும் உண்டு. டாலியும் அதன் டேட்டாவும் சர்வரிலேயே இருந்துவிட்டால், மேசையில் கரண்ட் போனாலும் சர்வருக்குள் உங்கள் டெஸ்க்டாப் அப்படியே திறந்திருக்கும். கரண்ட் வந்ததும் உள்ளே நுழைந்தால் பாதி அடித்த வவுச்சர் அதே இடத்தில் நிற்கும். ஆண்டு இறுதிக் கணக்கு நேரத்தில் கரண்ட் போய் டாலி டேட்டாவை ரிப்பேர் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டாலி சில்வர் ஒருவருக்கானது. பல பேர் சேர்ந்து வேலை செய்ய கோல்டு வேண்டும். உங்களிடம் எது இருக்கிறது என்று லைசென்ஸ் திரையில் பாருங்கள்.

சரி, இனி டீலர் சொன்ன பேட்சுக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். இரண்டாவது ஆள் ரிமோட்டில் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே போக வேண்டும். மைக்ரோசாப்ட் அப்படித்தான் கட்டியிருக்கிறது, லைசென்ஸும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. டீலர் சொல்லும் பேட்ச், ரிமோட் இணைப்பைக் கவனிக்கும் விண்டோஸின் உள் ஃபைல் ஒன்றின் நடத்தையை மாற்றி இந்தக் கட்டுப்பாட்டை நீக்குகிறது. லைசென்ஸ் மீறல் என்பது ஒருபுறம். அன்றாட வேலைக்கும் அது ஒத்துவராது. விண்டோஸ் அப்டேட் வரும்போது அந்த ஃபைலும் மாறும், பேட்ச் செத்துப்போகும். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு முதலில் வந்தவர் உள்ளே இருப்பார், மற்ற 11 பேர் வெளியே நிற்பார்கள். டீலர் ஃபோனை எடுக்கும் வரை அதே நிலைதான். அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 12 பேரின் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும் மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் போடாமல் விடுவதா? எந்த மெஷினில் விட்டாலும் இதில் விடக் கூடாது.

முறையான வழி விண்டோஸ் சர்வர். அதற்கு மூன்று அடுக்கு லைசென்ஸ் வேண்டும். முதலாவது, சர்வருக்கே உரிய விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ். இது பிராசசருக்குள் இருக்கும் கோர்களின் கணக்கில் வருகிறது, குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும். இரண்டாவது, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சர்வர் கால் (CAL), அதாவது சர்வரைப் பயன்படுத்துவதற்கான அனுமதி லைசென்ஸ். மூன்றாவது, ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்று இன்னொரு கால், அதை ஆர்டிஎஸ் கால் என்பார்கள். இரண்டு காலும் தேவை. ஒன்றை மட்டும் கொட்டேஷனில் போட்டு மற்றதை விட்டுவிடும் டீலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால் என்பதை ஆளுக்கும் வாங்கலாம், மெஷினுக்கும் வாங்கலாம். ஒரே மேசையில் இரண்டு ஷிஃப்ட் ஆள் மாறி உட்கார்ந்தால் மெஷின் கணக்கு லாபம். ஒரே ஆள் அலுவலகத்திலும் வீட்டிலும் திறந்தால் ஆள் கணக்கு லாபம். முதலாளி வீட்டிலிருந்து வரப்போகிறார் என்பதால் உங்களுக்கு ஆள் கணக்கு சரியாக இருக்கும். ஆள் கணக்கில் போனால் டொமைன், அதாவது எல்லோருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு, அமைக்க வேண்டும். டொமைன் இல்லாமல் ஆள் கணக்கு கால் போட்ட சர்வர்களில், புதிய பதிப்புகளில், ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் வெளியே தள்ளும் பிரச்சினை வருகிறது. இதற்காக இரண்டாவது மெஷின் வாங்க வேண்டியதில்லை. ஸ்டாண்டர்டு லைசென்ஸிலேயே ஒரு மெஷினுக்குள் இரண்டு மெய்நிகர் சர்வர்களை ஓட்ட உரிமை உண்டு. ஒன்றில் டொமைன், இன்னொன்றில் 12 பேரின் டெஸ்க்டாப் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எக்செலுக்கும் இதே கதைதான். கடையில் வாங்கும் சாதாரண ஆஃபிஸ் இந்தச் சர்வரில் வேலைக்கு ஆகாது. நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும் வால்யூம் லைசென்ஸ் வேண்டும், அல்லது மைக்ரோசாப்ட் 365 பிசினஸ் பிரீமியம் போல, பகிர்ந்த கம்ப்யூட்டரில் ஓட அனுமதி உள்ள திட்டம் வேண்டும். பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டத்தில் அந்த அனுமதி கிடையாது. பெயர் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பில் போடும்போது கவனமாகப் பாருங்கள். உங்கள் எக்செல் ஃபைல்கள் எளிமையானவை என்றால் லிப்ரே ஆஃபிஸைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாம். பையர் அனுப்பும் ஷீட்டில் மேக்ரோ இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இவற்றையெல்லாம் கூட்டினால், பெட்டியின் விலையை விட லைசென்ஸுக்கு அதிகமாக ஆவதைப் பார்த்து நீங்கள் திகைக்கலாம். தொகை வந்த பிறகு, 12 சாதாரண புது கம்ப்யூட்டர்களின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 12 பேர் என்பது எல்லைக்கோட்டில் இருக்கும் எண்ணிக்கை. ஐந்து பேருக்கு இதைப் போடாதீர்கள் என்பேன். ஐம்பது பேருக்கு யோசிக்காமல் போடுங்கள் என்பேன். உங்கள் விஷயத்தில் தூசி, கரண்ட், டாலி, வீட்டிலிருந்து வேலை, இந்த நான்கும் சேர்ந்துதான் தராசை இந்தப் பக்கம் சாய்க்கின்றன. பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இதில் இறங்கினால் ஏமாற்றமே வரும்.

கரண்ட் பில் பாதியாகும் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சாதாரண சிபியு வேலை நேரத்தில் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தின் கிளையன்ட் 10 வாட். மானிட்டருக்கு இரண்டிலும் ஒரே செலவு. ஆக, மேசைக்கு 50 வாட் மிச்சம், 12 மேசைக்கு 600 வாட். நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் சுமார் 140 யூனிட். இப்போது சர்வரைப் பாருங்கள். அது 200 வாட் இழுத்துக்கொண்டு இரவு பகலாக ஓடினால் மாதம் 144 யூனிட். மிச்சமெல்லாம் அங்கேயே போய்விட்டது. இரவில் பேக்கப் முடிந்ததும் தானாக அணைந்து காலையில் எழும்படி வைத்தால் ஓரளவு மிஞ்சும், அவ்வளவுதான். ஏசியை இன்னும் சேர்க்கவில்லை.

யுபிஎஸ்ஸில்தான் உண்மையான லாபம். பழைய அமைப்பில் 12 சிபியுவும் 12 மானிட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 960 வாட். புது அமைப்பில் சர்வரையும் சேர்த்து 560 வாட்தான். அதே பேட்டரி ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்கும். ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள், எல்லா மேசையின் கேபிளும் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சர்வரும் மேசையும் உயிரோடு இருந்து, சுவரில் தொங்கும் ஸ்விட்ச் மட்டும் அணைந்து போய், 12 திரையும் உறைந்து நின்ற அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சர்வர் எப்படி இருக்க வேண்டும்? டீலர் சொல்லும் ஐ7க்கு 12 பேரை இழுக்கும் வேகம் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. குறை வேகத்தில் இல்லை, உயிர் பிழைக்கும் திறனில்தான். ஒரே டிஸ்க், ஒரே பவர் சப்ளை. இரண்டில் எது போனாலும் அலுவலகம் நிற்கும். சர்வருக்கென்று செய்த மெஷினில் இரண்டு எஸ்எஸ்டிகளை ஒன்றுக்கொன்று நகலாக ஓட்டலாம், ஒன்று செத்தாலும் வேலை நடக்கும். பவர் சப்ளையும் இரண்டு வைத்துக்கொள்ளலாம். மெமரியில் ஏற்படும் சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி வகை ரேம் போடலாம். ரேம் எவ்வளவு? பிரவுசரில் பத்து டேப் திறந்து, எக்செலும் டாலியும் வைத்திருப்பவருக்கு 3 ஜிபி ஒதுக்குங்கள். 12 பேருக்கு 36. விண்டோஸுக்கும் டொமைனுக்கும் ஒரு 12. மொத்தம் 48, அப்படியென்றால் 64 ஜிபி போடுங்கள். டாலி சாப்பிடுவது கொஞ்சம்தான், குரோம்தான் நிறையச் சாப்பிடும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் 12 பேரை ஏற்றவே கூடாது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது திணறிவிடும்.

மேசைகளுக்குக் கேபிள்தான், வைஃபை வேண்டாம். நெட்வொர்க் கொஞ்சம் தடுமாறினாலும் சாதாரண கம்ப்யூட்டரில் மெயில் மட்டும்தான் தாமதமாகும். இதிலோ தட்டிய எழுத்தே தாமதமாகத் தெரியும்.

இனி, இந்தப் பெட்டிக்கு ஒத்துவராத வேலைகள். இங்கேதான் பல அலுவலகங்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கின்றன, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி. ஏற்றுமதி நிறுவனம் என்பதால் ஜிஎஸ்டி, கஸ்டம்ஸ், டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) என்று எங்காவது அந்த யுஎஸ்பி டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். டோக்கனைச் சர்வரின் யுஎஸ்பியில் செருகிவிட்டால் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று தோன்றும். நடக்காது. ரிமோட்டில் உள்ளே வந்தவருக்கு, சர்வரில் செருகிய டோக்கன் கண்ணுக்கே தெரியாது. இந்த டோக்கனை விண்டோஸ் ஸ்மார்ட் கார்டாகத்தான் பார்க்கும், ஸ்மார்ட் கார்டை அவருடைய மேசையில்தான் தேடும். மேசைப் பெட்டியில் செருகலாம், ஆனால் அந்தப் பெட்டி ஸ்மார்ட் கார்டைக் கடத்தத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எல்லாப் பெட்டியும் அப்படி இல்லை. இதற்கு மேல் இன்னொரு சிக்கல். கையெழுத்துப் போட உதவும் சின்ன புரோகிராம் பின்னணியில் ஓடி, அந்த மெஷினின் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை (யுஎஸ்பி துளை அல்ல, புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வழி) பிடித்துக்கொள்ளும். 12 பேரும் ஒரே மெஷினில் இருக்கும்போது முதலில் பிடித்தவருக்குத்தான் அது கிடைக்கும். இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்களிடம் இருக்கும் புது கம்ப்யூட்டர்கள் ஆறில் ஒன்றை டோக்கனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஃபைலிங் செய்பவர் எழுந்து போய் அதில் உட்கார்ந்து செய்யட்டும்.

டிசைனில் இருக்கும் இருவரையும் இதில் சேர்க்க வேண்டாம். திரையைப் படமாகச் சுருக்கி அனுப்பும்போது நிறத்தின் நுட்பம் குறைகிறது. மெல்லிய சிவப்புக் கோடு பக்கத்து நிறத்தோடு கலங்கித் தெரியும். நிறத்தை முழுசாக அனுப்பும் முறை விண்டோஸ் 10, சர்வர் 2016 காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் சின்னப் பெட்டிகள் பலவற்றுக்கு அதைப் பிரித்துக் காட்டும் தெம்பு போதாது. பிரிண்ட் டிசைனில் நிறம் தவறினால் எத்தனை கிலோ துணி வீணாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆறில் இரண்டு.

பையரோடு வீடியோவில் பேசும் மெர்ச்சண்டைசர்களுக்கு மீதி மூன்று. வீடியோ கால் சர்வரில் ஒருமுறை விரிந்து, மறுபடி சுருங்கி, மேசைக்கு வந்து இன்னொருமுறை விரிய வேண்டும். படம் திக்கும், குரல் பிந்தும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்தில் டாலி அடிப்பவரின் திரையும் இழுக்கும். பெரிய கம்பெனிகள் இதற்குத் தனி ஏற்பாடு செய்கின்றன. 12 பேர் அலுவலகத்துக்கு அது தேவையில்லாத சுமை.

பிரிண்டர்களை மேசையில் மாட்டாதீர்கள். நெட்வொர்க்கில் தனி முகவரி கொடுத்து சர்வரில் ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிடுங்கள். டெலிவரி சலான் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் இருக்குமே, அதற்கு ஒரு பிரிண்ட் சர்வர் பெட்டி வாங்கி நெட்வொர்க்கில் கொண்டுவரலாம். ஸ்கேனரும் அப்படியே. ஸ்கேன் செய்ததை நேராக சர்வரில் ஒரு ஃபோல்டரில் போடும் மாடலாக இருக்கட்டும்.

தமிழ் தட்டச்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தொழிலாளர் அறிவிப்பு, கடிதம் என்று தமிழில் அடிப்பவர் ஒருவராவது இருப்பார். தமிழ்99 விசைப்பலகையோ என்எச்எம் ரைட்டரோ, எதுவானாலும் சர்வரில் மட்டும் போடுங்கள். மேசைப் பெட்டி ஆங்கில விசைப்பலகையிலேயே இருக்கட்டும். இரண்டு இடத்திலும் தமிழ் வைத்தால் எழுத்து இரண்டு முறை மாறி உருக்குலைந்து வரும். பழைய எழுத்துருவில் வைத்திருக்கும் கோப்புகளுக்கும் அந்த எழுத்துருவை சர்வரில் ஒருமுறை போட்டால் 12 பேருக்கும் வந்துவிடும்.

அடுத்து, முதலாளியின் ஆசை. வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. திரை மட்டும்தானே பயணம் செய்கிறது, சுமாரான இணைப்பிலும் ஓடும். ஆனால் ரவுட்டரில் 3389 என்ற கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அவரை வேலை செய்ய விடாதீர்கள். அது ஆர்டிபியின் வழக்கமான கதவு. திறந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே உலகத்தின் எங்கெங்கோ இருந்து பாஸ்வேர்டை ஊகிக்கும் முயற்சிகள் வந்து மோதும். 2019இல் ப்ளூகீப் என்று பெயர் வைத்த ஓட்டை ஒன்று வெளியானது. பாஸ்வேர்டே தெரியாமல் அந்தக் கதவு வழியாகப் பழைய விண்டோஸுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அலுவலகத்தில் ஆடிட்டருக்காக இரண்டு நாள் என்று திறந்த கதவை மூட மறந்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லா ஃபைலும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் செய்தி மட்டும் திரையில் இருந்தது. பேக்கப் டிஸ்க்கும் அதே சர்வரில் மாட்டியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. அந்த அலுவலகத்தின் கணக்காளர் கையால் எழுதிய பில் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு எட்டு மாதக் கணக்கை மறுபடி அடித்ததை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். விபிஎன் என்ற மறைகுறியாக்கப்பட்ட தனி வழியாக மட்டும் உள்ளே வரட்டும், கைபேசியில் வரும் இரண்டாவது சரிபார்ப்பும் இருக்கட்டும், தவறான பாஸ்வேர்டு ஐந்து முறை போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளட்டும்.

இந்த மூன்றும் இருந்தாலும் பேக்கப் வேண்டும். டாலி டேட்டாவும் மற்ற ஃபைல்களும் மூன்று நகலாக இருக்கட்டும். ஒன்று சர்வரில், ஒன்று வேறொரு மெஷினில், ஒன்று கழற்றி எடுத்துக்கொண்டு போய் வேறு கட்டடத்தில். கழற்றிய டிஸ்க்கைத்தான் எந்த வைரஸாலும் தொட முடியாது. இரண்டு டிஸ்க்குகளை வாரம் மாற்றி வாரம் சுழற்றுங்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. நிறுவனங்கள் பணம் கட்டி மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம், ஆண்டுதோறும் விலை இரட்டிப்பாகும். ஆனாலும் அந்த 12 மெஷின்களைத் தூக்கிப் போட வேண்டாம். அவையே தின் கிளையன்ட் ஆகலாம். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டு, ரெமினா என்ற இலவச புரோகிராமில் சர்வரின் முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. திரையைக் காட்டுவதற்கு 4 ஜிபி ரேம் தாராளம். ஒவ்வொன்றாகப் பழுதாகும்போது அந்த மேசைக்கு மட்டும் புதுப் பெட்டி வாங்குங்கள். பெட்டிக்கு வைத்த பணம் சர்வருக்கும் லைசென்ஸுக்கும் போகட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். காசு கட்டாமலே செய்யலாம், சட்டப்படியே செய்யலாம். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாள் ஓடும். ஆர்டிஎஸ் லைசென்ஸ் போடாமல் 120 நாள் வரை அனுமதி உண்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே விடாது. டீலரிடம் ஒரு மெஷினை ஒரு மாதத்துக்குக் கேளுங்கள். இந்த வியாபாரத்தில் நம்பிக்கை உள்ளவர் கொடுப்பார். அக்கவுண்ட்ஸில் இரண்டு பேர், ஷிப்பிங் டாக்குமென்ட் பார்ப்பவர் ஒருவர், ஸ்டோரில் ஒருவர், இந்த நான்கு பேரை மட்டும் அதில் உட்கார வையுங்கள். அவர்களுடைய பழைய மெஷினிலேயே லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினால் உள்ளே எதையும் அழிக்க வேண்டியதில்லை. மாத முடிவும் ஜிஎஸ்டி ஃபைலிங் தேதியும் அந்தச் சோதனைக்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், முதலாளி பக்கத்தில் இல்லாதபோது.

கடைசி சனிக்கிழமை மாலை, வேலை முடிந்ததும், சர்வரை முறையாக அணைத்துவிட்டு, அது செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்த பேக்கப் டிஸ்க்கை எடுத்து, உங்களிடம் இருக்கும் புது கம்ப்யூட்டர் ஒன்றில் டாலியைத் திறந்து, வெள்ளிக்கிழமை போட்ட கடைசி வவுச்சரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டீலர் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் கையை வைக்க வேண்டாம், உங்கள் ஆளே செய்யட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வவுச்சர் திரையில் வந்தால் திங்கட்கிழமை ஆர்டர் கொடுக்கலாம். வரவில்லை என்றால் அது வரும் வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.